பாக்கெட் புதிது, சரக்கு அதேதானா?

பழகிப்போன உணவுப் பொருள்களின் உறையும் நிறமும் மாறும்போது வீட்டிலும் கடையிலும் எழும் கேள்விகளை அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை கேள்விகள் என்பதைவிடப் புகார்கள் என்றே சொல்ல வேண்டும். அவற்றுள் ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: என் தாயார் முப்பது ஆண்டுகளாக ஒரே காபித்தூளைத்தான் வாங்கிவருகிறார். இரண்டு மாதங்களுக்கு முன் அந்த நிறுவனம் பாக்கெட்டின் நிறத்தைப் பச்சையிலிருந்து கறுப்புக்கு மாற்றியது. அன்று முதல் "டிகாக்ஷன் திக்காக இறங்கவில்லை, மணமும் போய்விட்டது" என்கிறார். கடைக்காரரோ சரக்கு அதேதான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்கிறார். இது மனப்பிரமையா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: மனப்பிரமை என்று தள்ளிவிடாதீர்கள், அதற்காகத் தூள் மாறிவிட்டது என்றும் உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். கண் முன்கூட்டியே சொல்லிவைத்ததைக் கேட்டுக்கொண்டுதான் நாக்கு சுவைக்கிறது. உறையைப் பற்றி மனத்தில் எழும் எண்ணத்தை மக்கள் தம்மை அறியாமலே உள்ளிருக்கும் பண்டத்தின் மீது ஏற்றிவிடுகிறார்கள் என்று அமெரிக்காவில் லூயி செஸ்கின் என்ற ஆய்வாளர் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே சொல்லியிருக்கிறார்.

இதற்குத் தெளிவான சான்று 2011ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் கிடைத்தது. துருவக் கரடிகளின் பாதுகாப்புக்கு நிதி திரட்டும் முயற்சியின் பகுதியாக, கோக்க கோலா நிறுவனம் தன் சிவப்பு டின்னை அந்தக் குளிர்காலத்துக்கு மட்டும் வெள்ளையாக்கியது. வெள்ளி நிறத்தில் இருக்கும் டயட் கோக் என்று எண்ணிச் சிலர் தவறுதலாக வாங்கிச் சென்றார்கள். சர்க்கரையைத் தவிர்க்க வேண்டியவர்களுக்கு இது சிறிய தவறு அல்ல. வேறு சிலரோ, பானத்தின் சுவையே மாறிவிட்டது என்றார்கள். உள்ளே இருந்த பானத்தில் ஒரு துளி மாற்றமும் இல்லை. பிப்ரவரி வரை விற்க நினைத்திருந்த நிறுவனம் டிசம்பரிலேயே சிவப்பு டின்களை மீண்டும் இறக்கியது.

எனினும் உங்கள் தாயாரின் பக்கத்தையும் பேச வேண்டும். 2012ஆம் ஆண்டு வாக்கில் பிரிட்டனில் கேட்பரி டெய்ரி மில்க் சாக்லேட்டின் கட்டிகள் கூர்முனை நீங்கி உருண்டை வடிவம் பெற்றபோது, முன்னைவிடத் திகட்டுகிறது என்று பலர் குறைப்பட்டார்கள். செய்முறை மாறவில்லை என்றது நிறுவனம். உருண்டை வடிவத்தை மனம் இனிப்போடு சேர்த்துப் பார்க்கும் என்று ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் சார்லஸ் ஸ்பென்ஸ் விளக்கம் தந்தார். விளக்கமெல்லாம் சரிதான், ஆனால் அதே வடிவ மாற்றத்தின் போதுதான் 49 கிராம் கட்டி 45 கிராமாகவும் இளைத்தது. சுவை மாறியது என்று சொன்னவர்கள் தவறான இடத்தில் கை வைத்திருக்கலாம். ஏதோ மாறியிருக்கிறது என்ற அவர்களுடைய ஐயம் தவறு அல்ல.

ஆகவே ஒரு காரியம் செய்யுங்கள். காபித்தூளில் சிக்கரி கலந்திருந்தால் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்பதை உறையில் அச்சிட்டே ஆக வேண்டும். அத்தகைய கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு விதி. பழைய பச்சை பாக்கெட் ஒன்று வீட்டு அலமாரியில் எங்காவது கிடந்தால் எடுத்து, புதியதன் பக்கத்தில் வைத்து அந்த எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். எண்கள் மாறியிருந்தால் கடைக்காரரின் சத்தியத்தை விட்டுவிட்டுத் தாயாரை நம்புங்கள். எண்கள் ஒன்றாக இருந்தால், ஒரு மாத காலம் பாக்கெட்டைக் கண்ணில் காட்டாமல், தூளை வழக்கமான டப்பாவில் கொட்டி வையுங்கள். அதன் பிறகும் அவர் மணம் இல்லை என்றால், வறுவலோ கொட்டையோ மாறியிருக்க வாய்ப்புண்டு. அதை உறை சொல்லாது.

கேள்வி: பெரிய நிறுவனங்கள் எத்தனையோ ஆய்வுகள் செய்த பிறகுதானே தோற்றத்தை மாற்றுகின்றன? அவையும் ஏமாந்தது உண்டா?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

பதில்: உண்டு. வணிகவியல் வகுப்புகளில் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது அமெரிக்காவின் டிராபிகானா ஆரஞ்சுச் சாறு. அப்போது அது பெப்சிகோ நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது. அட்டைப் பெட்டியின் முகப்பில் ஓர் ஆரஞ்சுப் பழம். அதன் தோலில் நேராகச் செருகிய சிவப்பு வெள்ளைக் கோடுகள் கொண்ட உறிஞ்சுகுழல். பழத்துக்கும் வாய்க்கும் இடையில் வேறு எவரும் எதையும் சேர்க்கவில்லை என்பதை எழுத்தே இல்லாமல் அந்தப் படம் சொல்லிவிடும். 2009 ஜனவரியில், நியூயார்க்கின் ஆர்னல் குழுமம் வடிவமைத்த புதிய பெட்டி சந்தைக்கு வந்தது. பழமும் குழலும் போய், பெட்டியைச் சுற்றி வளைந்த ஒரு கண்ணாடிக் குவளைச் சாறு மட்டும் இருந்தது. நிறுவனத்தின் பெயர் பக்கவாட்டில் செங்குத்தாகச் சாய்ந்தது. இதனோடு கூடிய விளம்பரத்துக்கு ஏறத்தாழ 3.5 கோடி டாலர் ஒதுக்கினார்கள்.

ஜனவரி முதல் நாளுக்கும் பிப்ரவரி 22ஆம் தேதிக்கும் இடையில் விற்பனை 20 சதவீதம் சரிந்தது. மறுநாளே பழைய பெட்டியைத் திரும்பக் கொண்டுவருவதாக நிறுவனம் அறிவித்தது. புதிய வடிவமைப்பில் தப்பியது, அரை ஆரஞ்சு போல் செய்யப்பட்ட மூடி ஒன்றுதான். அந்த மூடியை எனக்குப் பிடிக்கும். திருகும்போது பழத்தைப் பிழிவதுபோல் இருக்கும் என்று எண்ணிச் செய்தவர் யாரோ, அவர் கெட்டிக்காரர்.

வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்து நிறுவனத்தைப் பணிய வைத்தார்கள் என்றே இந்தக் கதையைப் பலரும் சொல்கிறார்கள். கடிதம் எழுதியவர்களும் தொலைபேசியில் திட்டியவர்களும் இருந்தது உண்மை. ஆனால் சில வாரங்களில் ஐந்தில் ஒரு பங்கு விற்பனை போனதற்குக் கோபம் மட்டுமே காரணமாக இருக்க முடியாது என்பது என் கருத்து. கடையில் குளிர்பெட்டியின் முன் நிற்பவர் பெட்டியில் உள்ள எழுத்துகளைப் படிப்பதில்லை. தூரத்திலேயே குழல் செருகிய பழத்தைக் கண்டு கையை நீட்டுகிறார். அந்தப் பழம் இல்லாதபோது, கடையின் சொந்தத் தயாரிப்பு போல மலிவாகத் தெரிந்த பெட்டிகளுக்கு நடுவில் டிராபிகானா எது என்பதே அவருக்குத் தெரியவில்லை. சக்கை உள்ளது, சக்கை நீக்கியது, கால்சியம் சேர்த்தது என்று பல வகைகள் இருந்தன. புதிய பெட்டியில் அவற்றுக்கிடையே வேறுபாடு காண்பதும் கடினமாக இருந்தது. கோபித்தவர் கடிதமாவது எழுதினார். தேடிக் கிடைக்காதவர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்துத் தட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். நிறுவனங்கள் பயப்பட வேண்டியது இரண்டாமவரைப் பார்த்துத்தான்.

பின்னர் கைமாறிய அதே டிராபிகானா 2024இல் புட்டியின் வடிவத்தை மாற்றியபோது, கொள்ளளவையும் 52 அவுன்ஸிலிருந்து 46 அவுன்ஸாகக் குறைத்தது. ஏறத்தாழ 180 மில்லிலிட்டர் குறைவு. இம்முறையும் விற்பனை சரிந்தது. 2009இல் சாறு மாறாமலே தண்டனை கிடைத்தது என்று அனுதாபப்படலாம். இரண்டாம் முறைக்கு எனக்கு அனுதாபம் வரவில்லை.

கேள்வி: ஆவின் பால் பாக்கெட்டின் நிறத்தை மாற்றினால் மட்டும் ஏன் இவ்வளவு கூச்சல் எழுகிறது? பால் பால்தானே?
– வாசகர், சென்னை–88

பதில்: இங்கே நிறம் அலங்காரம் அல்ல, பெயர். "ஒரு பச்சை, ரெண்டு நீலம்" என்றுதான் விடியற்காலையில் பால் பூத்தில் கேட்கிறோம். சமன்படுத்திய பால், நிலைப்படுத்திய பால் என்று எவரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. நீலம் என்றால் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை என்றால் 4.5, ஆரஞ்சு என்றால் 6 என்று எண்களாகத் தெரியாவிட்டாலும், எதில் தயிர் கெட்டியாக உறையும், எதை டீக்கடைக்காரர் வாங்குவார், எதைக் குழந்தைக்குக் காய்ச்சலாம் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். 2023ஆம் ஆண்டின் இறுதியில் 3.5 சதவீதக் கொழுப்புள்ள 'டிலைட்' என்ற ஊதா நிறப் பாக்கெட்டை முன்னிறுத்திப் பச்சையை விலக்கிக்கொள்ள முற்பட்டபோது எழுந்த எதிர்ப்பு, ஊதா நிறத்தின் மீதான வெறுப்பால் வந்தது அல்ல. பச்சைக்குக் கொடுத்த அதே விலையில் ஒரு சதவீதக் கொழுப்பு குறைகிறது என்பதை மக்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அதைக் கூச்சல் என்று சொல்வது நியாயமாகாது.

கேள்வி: பார்லே-ஜி பிஸ்கட் உறையில் இருக்கும் சிறுமி யார்? எவ்வளவு காலமானாலும் அந்த உறையை மாற்றாததுதான் அதன் வெற்றிக்குக் காரணம் என்று என் நண்பர் வாதிடுகிறார்.
– ஆசிரியர் (ஓய்வு), கும்பகோணம்

பதில்: முதலில் சிறுமி. அவர் இன்னார், இவர் என்று பல பெண்மணிகளின் பெயர்கள் உலவுகின்றன. கைபேசியில் ஆண்டுதோறும் ஒரு புகைப்படமும் சுற்றுக்கு வருகிறது. அது 1960களில் விளம்பர நிறுவனத்து ஓவியர் ஒருவர் கற்பனையில் வரைந்த படம் என்பதுதான் நிறுவனம் தந்துள்ள விளக்கம்.

இனி நண்பரின் வாதம். அவர் பாதிதான் சரி. இன்று நமக்குத் தொன்மையானதாகத் தோன்றும் அந்த உறைக்கு முன்னால் வேறோர் உறை இருந்தது. மைசூரைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் மீது பார்லே தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1972 ஜனவரியில் தந்த தீர்ப்பில் அதன் வருணனை இருக்கிறது: மங்கிய மஞ்சள் நிறம், ஒரு பண்ணை முற்றம், நடுவில் வாளி சுமக்கும் பெண், அவளைச் சுற்றிப் பசுக்களும் கோழிகளும். எதிர்த்தரப்பு உறையிலும் பண்ணை, பெண், பசு, கோழி எல்லாம் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடுகள் தெரிந்தன. அதனால் கீழ் நீதிமன்றங்கள் பார்லேக்குச் சாதகமாகத் தீர்ப்புத் தரவில்லை. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. சாதாரணமாகப் பொருள் வாங்குபவருக்கு ஷெர்லாக் ஹோம்ஸின் கூர்த்த பார்வை இருக்க வேண்டியதில்லை என்றும், இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடாமல் ஒட்டுமொத்தத் தோற்றத்தில் ஒன்று மற்றொன்றை நினைவூட்டுகிறதா என்றே பார்க்க வேண்டும் என்றும் கூறியது. குளிர்பெட்டியின் முன் நின்ற அமெரிக்கரைப் பற்றி மேலே சொன்னதை, அதற்கு 37 ஆண்டுகளுக்கு முன் நம் நீதிபதிகள் பிஸ்கட் உறையை வைத்துச் சொல்லிவிட்டார்கள்.

ஆகப் பசுவும் வாளியும் போய்ச் சிறுமி வந்தாள். பார்லே குளுக்கோ என்ற பெயர் 1980களில் பார்லே-ஜி ஆயிற்று. மெழுகுத்தாள் போய் பிளாஸ்டிக் உறை வந்தது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று மாறியது; மஞ்சள் நிறமும் குழந்தை முகமும் கடையில் தொங்கும்போது கண்ணில் படும் விதமும் மாறாமல் பார்த்துக்கொண்டார்கள். பழைய பசுவுக்காக இன்று எவரும் ஏங்குவதில்லை. மாறாத உறை என்று உங்கள் நண்பர் போற்றுவது, மாறியது தெரியாமல் மாறிய உறை. எடையும் அப்படித்தான்: நான்கு ரூபாய் விலையைப் பல ஆண்டுகள் ஏற்றாமல் வைத்திருந்த அந்தச் சிறிய பாக்கெட்டில் பிஸ்கட்டின் எடைதான் மெல்ல மெல்லக் கரைந்துகொண்டிருந்தது.

கேள்வி: உறை புதிதாகும் போதெல்லாம் எடை குறைவதை எப்படிக் கண்டுபிடிப்பது? இது நம் நாட்டில் மட்டும்தானா?
– இல்லத்தரசி, தருமபுரி

பதில்: எங்கும் உண்டு. 2016இல் பிரிட்டனில் டாப்ளரோன் சாக்லேட்டின் மலைமுகடு போன்ற முக்கோணத் துண்டுகளுக்கு இடையே இருந்த பள்ளத்தை அகலமாக்கி, அட்டையின் நீளத்தைப் பெரிதாக மாற்றாமல், 400 கிராமை 360 கிராமாகவும் 170 கிராமை 150 கிராமாகவும் ஆக்கினார்கள். பல் விழுந்த சீப்பு போல் இருந்த அந்தச் சாக்லேட்டைப் பார்த்து ஊரே சிரித்தது. நம் நாட்டில் திருத்தப்பட்ட எடையளவு விதிகளின்படி, அதிகபட்ச விலையோடு ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிலிட்டருக்கு என்ன விலை என்பதையும் உறையில் அச்சிட வேண்டும். மிகச் சிறிய எழுத்தில், பெரும்பாலும் தைத்த ஓரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அதை ஒரு முறை தேடிக் கண்டுபிடித்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் எத்தனை வேடம் போட்டாலும் அந்த எண்ணிலிருந்து தப்ப முடியாது.

கேள்வி: நாற்பது ஆண்டுகளாக ஊறுகாய், வடகம் தயாரித்து மூன்று மாவட்டங்களில் விற்றுவருகிறோம். லேபிளில் என் தகப்பனார் காலத்து ஜாடிப் படமும் சிவப்புக் கரையும் இருக்கின்றன. படித்துவிட்டு வந்த மகன் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு வெள்ளைப் பின்னணியில் எழுத்து மட்டும் வைக்கலாம் என்கிறான். பழைய வாடிக்கையாளர்கள் போய்விடுவார்களோ என்று தயங்குகிறேன்.
– சிறு உற்பத்தியாளர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: மகன் சொல்வதை முழுதும் மறுக்க வேண்டாம். மங்கிய அச்சு, கலைந்த எழுத்து, பின்னாலிருந்து எண்ணெய் கசியும் உறை ஆகியவற்றைப் பழமை என்று காப்பாற்றி வைப்பதில் பெருமை இல்லை. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதில்தான் நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் நான் அடிக்கடி பார்க்கும் ஒரு மூதாட்டி இருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாது. தீர்ந்துபோன பாக்கெட்டைக் கழுவி, நான்காக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு வருவார். கடையில் அதை விரித்துக் காட்டி "இதேதான் வேணும்" என்பார். ஒரு நாள் கடைக்காரர் புதிய உறையில் வந்த அதே மிளகாய்த்தூளை எடுத்துக் கொடுத்தார். மூதாட்டி பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இது டூப்ளிகேட்டு தம்பி" என்று திருப்பி வைத்துவிட்டார். "கம்பெனிக்காரங்களே மாத்திட்டாங்க பாட்டி" என்று கடைக்காரர் எவ்வளவு சொல்லியும் பயனில்லை. அடுத்த தெருக் கடையில் பழைய உறை இன்னும் இருக்கக்கூடும் என்று நடந்தார். போலிச் சரக்கு மலிந்த சந்தையில் நாற்பது ஆண்டுகள் ஏமாறாமல் வாங்கியவரின் எச்சரிக்கை அது. உங்கள் ஜாடிப் படத்தை நம்பி வருபவர்களிலும் அவரைப் போன்றவர்கள் இருப்பார்கள்.

எனவே ஜாடியையும் சிவப்புக் கரையையும் அவை இப்போது இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, மற்றதை மகன் விருப்பத்துக்கு விடுங்கள். முதல் ஆறு மாதமாவது புதிய உறையின் ஒரு மூலையில் பழைய லேபிளின் சிறிய படத்தை அச்சிட்டு, இது அதுதான் என்று காட்டுங்கள். எழுத்து தெரியாதவருக்கும் அது புரியும். ஒரே கடையில் பழையதும் புதியதும் கலந்து தொங்கினால் எது அசல் என்ற குழப்பம் வரும். ஆகவே ஒவ்வோர் ஊராகப் பழைய இருப்பு தீர்ந்த பிறகு புதியதை இறக்குங்கள். வாடிக்கையாளரின் முதல் கேள்விக்குப் பதில் சொல்லப்போகிறவர் கடைக்காரர் என்பதால், அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

செலவுக் கணக்கையும் மறக்க வேண்டாம். பவுச்சுக்கு மாறுவதானால் செதுக்கிய உருளைகளால் அச்சிடும் கிராவ்யூர் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செய்ய வேண்டும். ஆறு நிறம் என்றால் ஆறு. பிறகு பிடிக்கவில்லை என்று எழுத்தை மாற்றினால் சில சிலிண்டர்களையாவது மறுபடி வெட்ட வேண்டியிருக்கும். ரோல் வந்து இறங்கிய பின் வருந்துவதைவிட, முதலில் நூறு ஸ்டிக்கர் அச்சிட்டு, ஒட்டி, இரண்டு கடைகளில் வைத்துப் பாருங்கள். உங்கள் லேபிளை வணிகச் சின்னமாகப் பதிவு செய்திருந்தால், பெரிய மாற்றத்துக்குப் புதிய விண்ணப்பம் தேவைப்படும். பதிவே செய்யவில்லை என்றால், மகனின் படிப்பு முதலில் அதற்குப் பயன்படட்டும். நீங்கள் கைவிட்ட ஜாடியை அடுத்த ஊர்க்காரர் ஒருவர் எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள ஒரு மாதம் போதும்.

இன்னொன்று: லேபிளை மாற்றும் அதே மாதத்தில் 200 கிராமை 180 ஆக்கலாம் என்று கணக்காளர் யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். விலை கட்டுப்படியாகாவிட்டால் பழைய உறையிலேயே விலையை ஏற்றி, வாங்குபவர் முகத்தைப் பார்த்துக் காரணத்தைச் சொல்லிவிட்டு, அது அடங்கிய பிறகு புதிய லேபிளைக் கொண்டு வாருங்கள்.